பழைய ஹேண்டில்பார்தான் வேணும்

— புதுசக் கழட்டிடுங்கண்ணே. நேத்து எடுத்தீங்களே ஒரு கோணல் ஹேண்டில்பார், அதையே திரும்ப மாட்டிக் குடுங்க.

— காலங்காத்தால விளையாடறியா தங்கச்சி? பட்டறைக்கு வர்றவங்க எல்லாம் வளைஞ்சத நிமித்திக் குடுன்னுதான் கேப்பாங்க. நேரா இருக்கறதக் கழட்டிட்டுக் கோணல மாட்டுன்னு கேட்டு வந்த முதல் ஆளு நீதான்.

— பதினோரு மணிக்கு லைசென்ஸ் டெஸ்ட்டுண்ணே! எட்டு போட்டுக் காட்டணும். விடிஞ்சதுல இருந்து போட்டுப் பார்க்கறேன், ஒரு எட்டும் முழுசா வர மாட்டேங்குது. பாதியிலயே வலது பக்கம் சாஞ்சு தொப்புன்னு விழறேன். முழங்கையப் பாருங்க.

— ஏன் வாத்தியாரே, நேத்து வேர்த்து விறுவிறுக்க வண்டியத் தள்ளிக்கிட்டு வந்து, "என் வீட்டுக்காரிக்குத் தெரியக் கூடாது, டெஸ்ட்டுக்குள்ள புது ஹேண்டில்பார் போட்டு அசத்திடணும்"னு சொன்னது நீங்கதானே? இப்ப அவ பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டு நிக்கறீங்க?

— ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல தலைவரே. நல்லது பண்ணலாம்னு நினைச்சேன். நமக்கே வம்பா முடிஞ்சிருச்சு.

— நமக்கா? எனக்குங்க! நாளைக்கு லைசென்ஸக் காட்டினாத்தான் கரண்டு மீட்டர் பார்க்கற வேலை கிடைக்கும். தெருத் தெருவா சுத்தணும்ணே. வண்டி ஓட்டத் தெரியாதவள யாரு எடுப்பா? இன்னிக்குக் கோட்டை விட்டா அடுத்த டெஸ்ட் வர்றதுக்குள்ள என் வேலைய வேற யாராவது பார்த்துக்கிட்டு இருப்பாங்க.

— சரி, மூச்சு விட்டுப் பேசு. அந்தப் பழசு எப்படி அப்படி வளைஞ்சது?

— அதுவா தலைவரே, கேட்டுக்குள்ள திருப்பும்போது தூண் குறுக்க வந்துருச்சு.

— தூண் நடந்து வந்துச்சாக்கும்!

— நான்தாண்ணே போய் மோதினேன். என் தம்பி வெளியூர் போகும்போது விட்டுட்டுப் போன வண்டி. ஓட்ட ஆரம்பிச்ச ரெண்டாவது நாளே தூணுக்கு முத்தம் குடுத்தாச்சு. அதுலேர்ந்து மூணு மாசமா அந்தக் கோணலோடதான் ஓட்டறேன். இடது கை மடியில இருக்கும், வலது கை எங்கயோ அடுத்த ஊர்ல இருக்கும். பழகிப் போச்சு. இப்ப ரெண்டு கையும் ஒரே தூரத்துல இருக்கறதப் பார்த்தா யாரோ வேத்து மனுஷி கை மாதிரி இருக்கு.

— அந்தக் கோணலோட போனா டெஸ்ட் வைக்கற ஆபீசர் வாசல்லயே திருப்பி அனுப்பிடுவார். அது என்ன ஹேண்டில்பாரா? ஆட்டுக்கிடாக் கொம்பு. அதோ பாரு, செவுத்துல அடிச்சு ட்யூப் தொங்க விட்டிருக்கேன். அதுக்குத்தான் லாயக்கு.

— அப்ப என் கதி?

— இதுக்கெல்லாம் அழுவாங்களா?

— யார் அழுதா? கோபத்துல மூக்கு ஒழுகுது.

— சரி சரி. அந்த இரும்புக் கடை வரைக்கும் ஒரு தடவை ஓட்டிட்டு வா. என்னதான் பண்றீங்கன்னு பார்க்கறேன்.

— ஏங்க, எப்பவும் போல பின்னாடி ஏறுங்க. நல்லா ஏறிட்டீங்களா?

— ஏறிட்டேம்மா. தோள இறக்கு. தூரமாப் பாரு. கிளட்ச்சப் பூ மாதிரி விடு, புத்தகத்துல தெளிவாப் போட்டிருக்கு. மெதுவா… மெதுவா… அம்மாடி!

— பார்த்தீங்களாண்ணே? திரும்பி வர்றதுக்குள்ள ரெண்டு தடவை வலது பக்கமே இழுத்துட்டுப் போச்சு.

— பார்த்தேன். ஆனா நான் வண்டியப் பார்க்கல, வாத்தியாரத்தான் பார்த்தேன். ஏங்க, கொடியில போட்ட துணி மாதிரி ஏன் ஒரு பக்கமாத் தொங்கிக்கிட்டே போறீங்க?

— நானா? நேராத்தானே உட்கார்ந்திருந்தேன்!

— நேராவா? உங்க வலது செருப்பு ரோட்டக் கூட்டிக்கிட்டுப் போகுது.

— ஓ, அதுவா… பழைய ஹேண்டில்பாருக்கு வண்டி இடது பக்கம் இழுக்கும் தலைவரே. இவ பயப்படக் கூடாதேன்னு நான் வலது பக்கம் உடம்பப் போட்டு சமாளிப்பேன். இவ்வளவு நாளா அப்படியே உட்கார்ந்து…

— அதான் சங்கதி. ஹேண்டில நேராக்கியாச்சு, உங்கள யாரு நேராக்கறது?

— அட மனுஷா! நான் விழுந்ததுக்கெல்லாம் நீங்கதான் காரணமா?

— இன்னிக்கு விழுந்ததுக்கு மட்டும்தாம்மா. முன்னாடி விழுந்ததெல்லாம் உன் சொந்த முயற்சி.

— சண்டைய அப்புறம் வச்சுக்கோங்க. தங்கச்சி, ஒண்ணு கேக்கறேன். டெஸ்ட்ல எட்டு போடும்போது இவர் பின்னாடி உட்கார முடியுமா?

— முடியாதா?

— என்னது, ரெண்டு பேரும் இப்படி முழிக்கறீங்க? நீ ஒரு நாளாவது தனியா ஓட்டியிருக்கியா?

— ஒரு தடவை கூட இல்லண்ணே. ஏங்க, நீங்களாவது யோசிச்சிருக்கலாம்ல?

— நான் எட்டப் பத்தியே யோசிச்சுக்கிட்டு இருந்தேம்மா. அத நீ மட்டும் போடணும்னு தோணவே இல்ல.

— நல்ல ஜோடி! வாத்தியாரே, இறங்குங்க. அந்த ரெண்டு டயரையும் மண்ணுல தள்ளித் தள்ளிப் போடுங்க. ம்ம், அப்படித்தான். தங்கச்சி, அதச் சுத்தி எட்டு போடு. தனியா.

— பயமா இருக்குண்ணே. முதுகுப் பக்கம் ஒரே வெறிச்சுன்னு இருக்கு. விழுந்தா?

— விழுந்தா தூக்க ரெண்டு ஆளு நிக்கறோம்.

— கண்ணாடியப் பார்க்காதம்மா! முழங்கால ஒட்டி வை! கிளட்ச்ச…

— வாத்தியாரே, இந்த ஸ்பேனரக் கொஞ்சம் பிடிங்க. கைக்கு வேலை இருந்தாலாவது வாய் ஓயுதான்னு பார்ப்போம்.

— ஏங்க, அந்தப் பக்கம் திரும்பிக்கோங்க. உங்க மூஞ்சியப் பார்த்தா எனக்கு உதறுது.

— திரும்பிட்டேன். தலைவரே, என்ன நடக்குது? நீங்களாவது சொல்லுங்க.

— முதல் டயரச் சுத்தறா. கொஞ்சம் ஆடுது… நிமித்திட்டா. கால் கீழ படல. நடுவுக்கு வந்துட்டா. இனிமேதான் வலது பக்கத் திருப்பம்.

— ஐயோ, அங்கதானே எப்பவும்…

— கழுத்த நீட்டாதீங்க! ஸ்பேனரப் பார்த்து… ஆ!

— விழுந்துட்டாளா?

— ஸ்பேனர் விழுந்துச்சுய்யா, என் கால் மேல! அவ எங்க விழுந்தா? இந்தா, சுத்தி முடிச்சே வந்துட்டா!

— அண்ணே! எட்டு! முழு எட்டு! இருங்க, இன்னொண்ணு போடறேன். இந்த வண்டி இவ்வளவு லேசுன்னு எனக்குத் தெரியவே தெரியாதே! ஒரு மூட்டைய இறக்கி வச்ச மாதிரி இருக்கு!

— மூட்டைன்னு யாரத் தலைவரே சொல்றா?

— என்னைய இல்ல.

— மூணாவதும் போட்டாச்சு! ஏங்க, ஏன் இன்னும் செவுத்தப் பார்த்துக்கிட்டு நிக்கறீங்க? திரும்புங்க!

— திரும்பறேன், திரும்பறேன். கொஞ்சம் மூக்கு ஒழுகுது. கோபத்துல.

— போதும் தங்கச்சி, இறங்கு. விடிஞ்சதுல இருந்து ஓட்டிக்கிட்டே இருக்க. டெஸ்ட் மைதானம் வரைக்கும் நீ ஓட்ட வேண்டாம், மெயின் ரோடு பூரா லாரியா வரும். இருக்கற தெம்ப எட்டுக்கு வச்சுக்கோ. வாத்தியாரே, நீங்க ஓட்டுங்க, அவ பின்னாடி ஜம்முன்னு உட்கார்ந்து வரட்டும். பிடிங்க சாவிய. என்ன, கைய நீட்ட மாட்டேங்கறீங்க?

— அது… ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல தலைவரே…

— அவருக்கு சைக்கிள் கூட ஓட்டத் தெரியாதுண்ணே. ரெண்டு சக்கரத்தப் பார்த்தாலே பயம். நான் தனியா விழக் கூடாதுன்னுதான் மூணு மாசமாப் பின்னாடி உட்கார்ந்து என்னோட சேர்ந்து விழுந்தாரு.