கம்பிக்கு அந்தப் பக்கம் அக்கா

அந்தித் தொழுகைக்கான மக்ரிப் பாங்கு ஓய்ந்த நேரம். குளிர்காலம். முகாமின் கடைசி வீட்டைத் தாண்டினால் மணல் பாதைதான்… ஆள் நடமாட்டம் கிடையாது. பாதை முடிகிற இடத்தில் கம்பிவேலி.

கரியடுப்பை இன்னும் கிட்டே இழுத்துக்கொள்ளுங்கள். கரண்டு இப்போதைக்கு வராது. இது என் சினேகிதன் ஜமீலின் அண்ணிக்கு நடந்தது. ஜமீல் கூடவே நின்று பார்த்தவன். பார்த்தவன் என்றா சொன்னேன்… அவன் கண்ணுக்கு ஒன்றும் படவில்லை. விஷயமே அதுதான்.

அண்ணி பெயர் இன்திசார். ரஃபாவின் நடுவே எல்லைக்கோடு போட்டு ஊரைக் கம்பியால் இரண்டாக அறுத்தபோது, எங்கள் அகதி முகாம் எகிப்துப் பக்கம் மாட்டிக்கொண்டது. அவளுடைய அக்கா வஜீஹா காஸா பக்கம். இரண்டு வேலிக்கும் நடுவில் ராணுவ ஜீப் ஓடும் வெற்று மணல். ஆள் தெரியும், முகம் தெரியாது. பேசவேண்டுமென்றால் தொண்டை கிழியக் கத்தவேண்டும். கல்யாணப் பேச்சு, மாமியார் சண்டை எல்லாம் அங்கேதான். உன் மகன் இன்னும் குளிப்பதில்லையா, இங்கே வரைக்கும் வாடை வருகிறதே என்று ஒருத்தி கத்துவாள். இரண்டு பக்கமும் சிரிக்கும்.

வஜீஹாவுக்குச் சின்ன வயதிலிருந்தே இருதயம் பலவீனம். பிள்ளை பெறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தங்கைக்குப் பெண் பிறந்ததும் நுஹா என்று பெயர் வைத்தது அவள்தான்… கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து கத்தி. நாள் தவறாமல் வருவாள். பிள்ளையைத் தூக்கிக் காட்டச் சொல்வாள். இன்திசார் தலைக்குமேல் தூக்கிக் காட்டுவாள்.

நடக்கப் பழகிய வயதில் நுஹா காய்ச்சலில் போய்விட்டாள்.

வேலியில் யாரும் அக்காவிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள் என்று இன்திசார் வீடு வீடாகப் போய்க் கெஞ்சினாள். "பக்கத்துல உக்காந்து, கையைப் புடிச்சுச் சொல்ற சேதி. இதையா கத்திச் சொல்றது? அங்கயே விழுந்துருவா." முகாமே வாயை மூடிக்கொண்டது. பெரிய வாயாடிகள்கூட.

அக்கா கேட்கும்போதெல்லாம் தூங்குகிறாள் என்பாள். சளி பிடித்திருக்கிறது என்பாள்.

ஒருநாள் அந்தி… கடலிலிருந்து மூடுபனி. ஈர மணல் வாடை, ஜீப் விட்டுப்போன டீசல் வாடை. யாராவது தொட்டால் சத்தம் வரட்டும் என்று இரண்டு வேலியிலும் காலி டின்களைக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். காற்றே இல்லை. ஒரு டின் அசையவில்லை. ஜமீல் அண்ணிக்குத் துணையாக நின்றான்.

அந்தப் பக்கமிருந்து வஜீஹா கத்தினாள்.

"இந்தக் குளிர்ல பிள்ளையை ஏண்டி வெறுங்காலோட விட்டிருக்க?"

ஜமீல் திரும்பிப் பார்த்தான். அண்ணியின் பக்கத்தில் ஈர மணல். வேறொன்றும் இல்லை.

அண்ணி தன் காலடியைக் குனிந்து பார்த்தாள். அப்புறம் கத்தினாள். "எங்க நிக்கிறாக்கா?"

"ஒன் அங்கியைப் புடிச்சு இழுத்துட்டு நிக்கிறாளே. கண்ணு தெரியலையா?"

அதற்கப்புறம் தினமும் இதேதான். இனி போகாதீர்கள் அண்ணி என்று ஜமீல் தடுத்துப் பார்த்தான். "ஒனக்குத் தெரியலைன்னா அவ இல்லையாடா? எனக்கும்தான் தெரியல" என்றாள். வேலியோரம் ஒரு கையைத் தாழ்த்தி, விரல்களை லேசாக மடக்கிக்கொண்டு நிற்பாள். சிரிக்கிறாளா, இளைத்திருக்கிறாளா, முடி வளர்ந்திருக்கிறதா… தன் பிள்ளையைப் பற்றி அக்காவிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். அக்காவும் தங்கை விளையாடுகிறாள் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

கடைசியாக ஒருநாள். இப்போது என்ன செய்கிறாள் என்று இன்திசார் கேட்டாள்.

"கம்பிகிட்டப் போறாடி… புடி. புடிடி அவளை."

டிங்… ஒரு டின் மட்டும் அசைந்தது. பிறகு சத்தமில்லை. ஜமீல் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஒரு குழந்தை அந்த மணலைக் கடக்க எவ்வளவு நேரமாகுமோ, அவ்வளவு நேரம். எதிர் வேலியில்… டிங்.

அப்புறம் வஜீஹாவின் குரல். கத்தவில்லை. ஆனாலும் காதோரம் பேசுவதுபோல் இருவருக்கும் கேட்டது.

"வந்துட்டா. கையெல்லாம் சில்லுன்னு இருக்கு. நான் கொண்டுபோய்த் தூங்க வைக்கவா?"

இன்திசார் முள்கம்பியை இறுகப் பிடித்திருந்தாள். உள்ளங்கையிலிருந்து ரத்தம் சொட்டியது. அவளும் கத்தவில்லை.

"கூட்டிட்டுப் போக்கா. முதுகைத் தட்டுனா தூங்கிடுவா."

மறுநாள் அந்தியில் வஜீஹாவின் புருஷன் ஸப்ரி தனியாக வந்து நின்றான். ராத்திரி தூக்கத்திலேயே அவள் போய்விட்டாள் என்று கத்தினான். இன்திசார் மணலில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை.

பெருநாள் சமயத்தில் அனுமதி கிடைத்து அந்தப் பக்கத்துப் பெண் ஒருத்தி முகாமுக்கு வந்தாள். அடக்கத்துக்கு முன் வஜீஹாவின் மய்யித்தைக் குளிப்பாட்டியவர்களில் ஒருத்தி. இன்திசாரை உள்ளே அழைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு தணிந்த குரலில் சொன்னாள். வெளியே நின்ற ஜமீலுக்குக் கேட்டது.

"பிள்ளையே பெறாதவ… சட்டையைக் கழட்டுனப்ப மாரெல்லாம் பால்ல நனைஞ்சிருந்துச்சும்மா. ஒடம்பு வெறைச்சுப் போச்சு. பால் மட்டும் சூடு ஆறல."