சூளைக்காரன் கண்ட பழைய அடுப்பு

அவைக்கு அணியாய் அமர்ந்திருக்கும் வாசகசாலைத் தலைவர் முத்துநாயகம் அவர்களே, அகவையாலும் அறிவாலும் முதிர்ந்த ஆன்றோர்களே, அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்திருக்கும் அன்புத் தாய்மார்களே, உங்கள் செங்கல் சூளைக்காரன் கோலப்பனின் வணக்கம்.

சுதந்திரம் வந்து ஏழாண்டில் நமக்கென்று எழும் முதல் பள்ளிக்கூடம். கல் சுட்டுத் தருகிறேன், விறகுக்கு ஊர்ப் புன்னைத்தோப்பைத் தாருங்கள் என்று கேட்டவன் நான்தான். தந்தீர்கள். முதல் மரம் நாளை விழ வேண்டும். அதற்குள் ஒன்று சொல்லியாக வேண்டும்.

வற்றிய குளத்தில் சூளைக்கு மண் வெட்டினோம். ஆளாழத்தில் மூன்று கல், நடுவே கரி, பக்கத்தில் உடைந்த கறுப்புச் சட்டி. எந்தக் காலத்து அடுப்பு? ஏர் வருமுன்னா, எழுத்து வருமுன்னா? யார் சொல்வார்? விறகு பொறுக்கும் முத்துக்கனி கரியை ஒடித்துப் பார்த்தாள்.

“அண்ணாச்சி, மேல நார்நாரா கெடக்கது பனை. அடியில கெடக்கது மலை மரமாக்கும். எல்லாம் விரல் தண்டிச் சுள்ளி. வெட்டுனதில்ல, பெறக்குனது.”

“மலை மரம் இங்க எப்படி வந்துது?”

“சுள்ளி பெறக்க மலைக்கா போவாவ? காடு இங்கதான் நின்னிருக்கும். அது போனபெறவு பனைய எரிச்சிருக்காவ.”

பின்வரிசையில் சிரிப்பது குமாரதாஸ்தானே? சிரி தம்பி, நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போனபின் சிரிப்பு வரவில்லை.

காடு இருந்தபோது காட்டில் பொறுக்கினார்கள். காடு அழிந்தபோது பனையடியில் பொறுக்கினார்கள். மழை மாறியதோ, மணல் ஏறியதோ, மண்ணோடு அவர்களும் மாறினார்கள். நாமும் அப்படித்தானே வாழ்ந்தோம்? ஆடிக்காற்று ஓய்ந்த காலையில் தோப்புக்குள் நம் தாய்மார் திரண்டு நுழைந்ததை மறந்துவிட்டோமா? விழுந்தது வீட்டுக்கு, நின்றது நிழலுக்கு என்பதல்லவா நம் வழக்கம்? அம்மையின் சுள்ளிக்கட்டில் ஒட்டிவந்த புன்னைப்பூ மணக்க மணக்க நான் கஞ்சி குடித்தேன். அந்தத் தோப்பையா ஒரே சூளையில் எரிக்கப் பார்த்தேன்?

தோப்பை வெட்டும் ஒப்பந்தத்தில் போட்ட என் கையெழுத்தை அடித்துவிட்டேன். தாள் தலைவர் கையில் இருக்கிறது. கல் எங்கே என்கிறீர்களா? வரும். தென்னை மட்டையிலும் காய்ந்த பாளைக் கொதும்பிலும் சுடுவேன். இரண்டு மாதம் பிந்தும். என் மகளும் அந்தப் பள்ளிக்குத்தான் காத்திருக்கிறாள். பிந்தட்டும்.

அந்த அடுப்பை மூட்டியவள் நமக்கு விட்டுச்சென்றது ஒரு பிடி கரி. நாம் நம் பிள்ளைகளுக்கு மரத்தையே விட்டுச்செல்வோம்.

பொறுமையோடு செவி தந்த பெருமக்களுக்கு நன்றி. ஏச வேண்டியவர்கள் பள்ளியை ஏசாமல் என் வீட்டுக்கு வந்து என்னை ஏசுங்கள். வணக்கம்.