கிலோவில் போன பட்டு

முன் இருக்கைக்காரர் திருடர் என்றுதான் முதலில் நம்பினேன். ஏனாத்தூர் பேருந்தில் அவர், வழியில் ஏறிய தன் மனைவியிடம், "பட்டெல்லாம் நான் திருடிட்டேனாம்" என்றதும், தயிர்சாதப் பையை மார்போடு அணைத்துக்கொண்டேன்.

"புடவையா நெய்ஞ்சு குடுத்தோமே!"

"கடையில புது கம்ப்யூட்டரு. நமக்கு நெய்யக் குடுத்த பட்டக் கிலோவுல ஏத்திக்கீறாங்க, வந்த புடவைய எண்ணிக்கையில ஏத்திக்கீறாங்க. ஒரு புடவைக்கு எத்தினி கிராமுன்னு அதுக்கு யாரும் சொல்லல. பட்டு நம்மகிட்டயே இருக்குதுன்னு காட்டுது."

"புடவைங்கள எடை போட்டுப் பாக்கட்டுமே?"

"எல்லாத்தையும் வித்துட்டாங்களாம்மா."

"நம்மகிட்ட இருக்குற பட்ட அவங்க எப்படி வித்தாங்களாம்?"

"அதக் கேட்டேன். பட்டத் திருப்பிக் குடுத்தாத்தான் தறிக்கு அடுத்த பாவு நூலுன்றாங்க."

பையைத் தளர்த்தினேன். பாவு வாங்கப் போனவர் வெறுங்கையோடு மனைவியுடன் இறங்கினார்.