அண்ணாச்சியின் வண்டிக்கு வந்த செய்திகள்

வண்டி வேகமாகப் போனது வண்டிக்காரருக்கு எப்படித் தெரியவரும் என்று கேட்டீர்கள், சார். ஒன்றும் பெரிய விஷயமில்லை. சாலைக்கு மேலே கேமரா இருக்கிறது. அது படம் எடுக்கும். பதிவில் எந்தச் செல்போன் எண் இருக்கிறதோ அதற்குச் செய்தி போகும்.

பாளையங்கோட்டையில் ஆர்.டி.ஓ. வேலைகளை முடித்துக் கொடுக்கிறவன் நான். பதிவின்போது ஓ.டி.பி. வரும். அதற்காக ஒவ்வொருவரையும் கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. என் எண்ணையே போட்டுவிடுவேன். பிறகு அபராதச் செய்தியும் என் போனுக்கே வரும். உரியவரைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுவேன்.

இரும்புக்கடை கணேஷ்ராம் அண்ணாச்சிக்கு அடிக்கடி வரும்.

"படம் எடுத்துட்டானா வே? இந்தத் தடவையாவது நான் சிரிச்ச மாதிரி இருக்கனா?" என்பார்.

கேலிதான். ஆனால் சொன்ன பிறகு கொஞ்ச நாளைக்கு அந்தக் கார் பைய ஓடும். அவர் மனைவியே ஒருமுறை, "நீங்க கூப்பிட்டுச் சொன்னாத்தான் இவுக கால் அடங்குது, அண்ணே" என்றார் என்னிடம்.

போன ஆவணியில் என் மனைவி விஜயஸ்ரீ பொன்னாக்குடி விலக்கில் பஸ்ஸிலிருந்து இறங்கிச் சாலையைக் கடந்தாள். கணேஷ்ராம் அண்ணாச்சியின் கார் அவளை அடித்துப் போட்டது. அவள் காரியத்துக்கு அவரும் வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "பையத்தான் வந்தேன் மகேசு. தங்கச்சிதான் பாக்காமக் குறுக்க வந்துட்டா" என்றார். பொய் சொல்லவில்லை, நம்பித்தான் சொன்னார். ஜாமீனில் இருந்தவர் காரையும் மீட்டுக்கொண்டு மறுபடி ஓட்ட ஆரம்பித்தார்.

செய்திகளும் மறுபடி வந்தன. நான் கூப்பிடவில்லை. நான் செய்தது இதுதான். அவருடைய காரை நான் தொட்டதுகூட இல்லை. மற்றவர்களுக்கெல்லாம் அன்றன்றே சொல்லிவிட்டேன். வேலையில் குறை வைக்கவில்லை. அண்ணாச்சியின் படம் வந்தால் மட்டும் டீயைக் குடித்துக்கொண்டே பார்ப்பேன். வேகம் கூடிக்கொண்டே போயிற்று. யாரும் ஒன்றும் சொல்லாததால், கேமரா கெட்டுப்போய்விட்டது என்று நினைத்திருப்பார்.

கடைசிப் படத்தில் அவர் மகள் ஆதிரை இருந்தாள். பெல்ட் போடாமல், முன் சீட்டில் ஏறி நின்றுகொண்டிருந்தாள். பெரிதாக்கிப் பார்த்தேன். முன்பற்கள் விழுந்திருந்தன. அவள்தான் சிரித்துக்கொண்டிருந்தாள். போனை மேஜையில் கவிழ்த்து வைத்தேன்.

அடுத்த வாரம் நாங்குநேரி பக்கம், நின்றிருந்த லாரியில் கார் மோதியது. அண்ணாச்சி பிழைத்துக்கொண்டார். பிள்ளை பிழைக்கவில்லை. துட்டி கேட்கப் போனேன். என்னைக் கட்டிக்கொண்டு, "யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பையப் போயிருப்பேனே மகேசு" என்று அழுதார். நானும் அவர் முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

பழி என்று எழுதிக்கொள்ளாதீர்கள், சார். விஜயஸ்ரீ சாவுக்கு ஒருவர் பதில் சொல்ல வேண்டும், அவர் சொன்னார். அதற்குமேல் என்னிடம் சொல்வதற்கு ஒன்றுதான் இருக்கிறது. அவள் இறப்பதற்கு முந்தின வாரமும் அந்தக் காருக்குச் செய்தி வந்திருந்தது. அன்று முகூர்த்த நாள், புதுவண்டிப் பதிவுகள் நிறைய. அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.