வாடகையில் ஒரு பங்கு

வேங்கிக்காலில் பஸ் ஏறிய அக்காவும் தங்கையும் என் முன்சீட்டில் உட்கார்ந்தார்கள்.

"சென்னையில ஆபீஸ் கட்டடத்துல எனக்கும் பங்கு இருக்குதுக்கா," என்றாள் தங்கை.

"உன் வூட்டுக்காரரு போனதுக்கு வந்த பணமாச்சேடி. மனை வாங்கியிருக்கலாமே?"

"இதுக்கு ரீட்னு பேரு. நெறைய பேரு பணத்த சேர்த்து, பெரிய கட்டடமா வாங்கி வாடகைக்கு வுடறாங்க. வர்ற வாடகையில நமக்கும் கொஞ்சம் வரும். அவசரம்னா நம்ம பங்க ஷேர் மார்க்கெட்ல வித்துக்கலாம். மனைய அப்படி கொஞ்சம் கொஞ்சமா விக்க முடியுமா?"

"வெல எறங்கிட்டா?"

"எறங்கும்தான். கட்டடம் காலியா கெடந்தா வாடகையும் கம்மியாவும். அதான் பாதிய பேங்க்லயே வச்சிருக்கேன்."

அக்கா தங்கையின் பக்கம் திரும்பினாள்.

"அந்த மாதிரி கட்டடத்துலதானே சாரத்துலருந்து வுழுந்தாரு. உனக்கு எப்படிடி மனசு வந்துச்சு?"

"அவரு எத்தினியோ கட்டடம் கட்டினாரு. கட்டி முடிச்சப்புறம் ஒண்ணுத்துக்குள்ளயும் அவர வுடல."

"இப்ப நீ போனா வுடுவாங்களா?"

"வுடமாட்டாங்க. வாடகை மட்டும்தான் வரும்."

பஸ் ஊருக்குள் நுழைந்தது. தங்கை குரலைத் தாழ்த்தினாள்.

"மொத வாடகை வந்தப்ப, உங்கப்பா அனுப்பினதுன்னு பொண்ணுகிட்ட சொன்னேன்க்கா."