டிஸ்கோ தட்டுக்குத் தைலக்காப்பு

சத்திரம் பஸ் நிலையத்திலிருந்து ஸ்ரீரங்கம் போகும் பஸ்ஸில், முன் சீட்டில் அறுபதைத் தாண்டிய ஒரு தம்பதி. கணவர் உள்ளங்கையில் ஒரு சின்னப் பெட்டி. ரெக்கார்ட் பிளேயருக்கு அன்று வாங்கிய புது ஊசி அதற்குள். பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியதும் மாமி சொன்னாள்:

“ஏன்னா, உங்க டிஸ்கோ தட்டுக்கு நேத்து தைலக்காப்பு சாத்திட்டேன்.”

அவர் சட்டென்று அவள் பக்கம் திரும்பினார்.

“என்னடி சொல்றே? எண்ணெயா?”

“நல்லெண்ணெய். மங்கிக் கிடந்துது. பெருமாளுக்குச் சாத்தி, ஒரு மண்டலம் திருவடியை மூடி வெச்சா எப்படிப் பளபளன்னு ஆயிடறார்!”

“ஐயோ, தட்டுல சுத்திச் சுத்திப் போற கோட்டுக்குள்ளதாண்டி பாட்டே இருக்கு! எந்தத் தட்டு?”

“அமெரிக்காக்காரி உருகி உருகிப் பாடுவாளே, அது.”

அவர் பெட்டியை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். “போன்ல கேட்டா வெறும் டிரம்ஸ்தான் இடிக்கறது. அசல் தட்டுலதான் அவ பாடறதுக்கு முன்னாடி மூச்சு இழுக்கறது கேக்கும். அதுக்குத்தானேடி இந்த ஊசிக்கு அலைஞ்சேன்!”

“எனக்கும் அந்த மூச்சுதான் பிடிக்கும். அதான் அவளுக்கு மட்டும் சாத்தினேன். மத்ததையெல்லாம் வெறும் துணியால துடைச்சேன்.”

பெட்டியைத் திறந்தார். ஊசியைப் பார்த்தார். மூடினார்.

“ஆத்துக்குப் போனதும் சோப்புத் தண்ணியில அலம்பிப் பார்க்கறேன்.”

இப்போது அதிர்ந்தது மாமி.

“அபச்சாரம்! ஒரு மண்டலத்துக்கு அவளைத் தொடப்படாது.”