சேத்து வெச்சிடாதீங்க மேடம்

இல்ல மேடம், அடிக்கல்லாம் மாட்டாரு. கொசுவை அடிக்கறதுக்கே ரெண்டு தடவை யோசிப்பாரு. குடியா? அய்யோ, பன்னீர் சோடா குடிச்சாலே கண்ணு கலங்கிடும் அவருக்கு. வேற பொம்பளையா? ஒருத்தியவே சமாளிக்க முடியாமத்தான இங்க வந்து உக்காந்திருக்காரு.

நல்லா சிரிங்க. கோர்ட் கவுன்சிலிங் ரூம்ல சிரிக்கக் கூடாதுன்னு சட்டம் ஒண்ணும் இல்லையே? ஆனா பேப்பர்ல மட்டும் சமாதானம்னு எழுதிடாதீங்க. எனக்கு விவாகரத்து வேணும்.

காரணமா? மொதல்ல அந்த ஃபைல்ல மெஹ்ரீன், இல்லத்தரசின்னு போட்டிருக்காங்க பாருங்க, அதை அடிச்சிடுங்க. சேலையூர்ல பொம்பளைங்களுக்குக் கார் ஓட்டச் சொல்லித் தர்றேன். அவரு, தௌசிப், படப்பையில கார் ஏசி மெக்கானிக். நல்ல மனுஷன். ஒரே ஒரு கெட்ட பழக்கம், எதையும் என்னைக் கேக்க மாட்டாரு.

அதெல்லாம் ஒரு காரணமாங்கறீங்க. ஜமாத்துலயும் இதையேதான் கேட்டாங்க. ஒரு நாள் வேலை முடிஞ்சு வீட்டுக்கு வர்றேன், வாசல்ல டெம்போ நிக்குது. என் மிக்சி, என் பீரோ, துவைக்கப் போட்ட துணி உள்பட ஏத்தியாச்சு. என்னங்கன்னா, படப்பையில வீடு பாத்துட்டேன், கடைக்குக் கிட்டங்கறாரு. சரி, போனேன். அடுத்த வருஷம் எங்க பொண்ணு குல்ஷனை ஸ்கூல் மாத்திட்டாரு. பழைய ஸ்கூல்லேர்ந்து டீச்சர் போன் பண்ணி, குல்ஷனை மிஸ் பண்றோம்னாங்க. எனக்கு அப்பதான் மேடம் விஷயமே தெரியும். அன்னைக்கு ராவெல்லாம் அழுதேன். நான் அந்த வீட்டுல ஒரு பீரோதான்னு தோணிடுச்சு.

ஜமாத்துல போய் குலா கேட்டேன். அதான், பொண்ணு கேட்டு வாங்கற விவாகரத்து. அவரும் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாரு. பிரிஞ்சப்புறம் காத்திருக்கணுமே, அந்த இத்தா காலமும் இருந்து முடிச்சேன். எல்லாம் முடிஞ்சுதுன்னுதான் நெனச்சேன்.

பாஸ்போர்ட்டுக்குப் போனா, ஜமாத் பேப்பர் பத்தாது, கோர்ட் ஆர்டர் கொண்டாங்கன்னுட்டாங்க. வக்கீல் ரோஹிணி அக்காவைக் கேட்டா, குலா வேணும்னா குடும்ப நல கோர்ட்டுக்குத்தான் போகணும், ஜமாத் குடுக்கற சர்ட்டிபிகேட் செல்லாதுன்னு ஹைகோர்ட்டே சொல்லிடுச்சுங்கறாங்க. ஆக, பள்ளிவாசல்ல நான் விவாகரத்து ஆனவ. கோர்ட்டுல தௌசிப் பொண்டாட்டி. ரேஷன் கார்டுல குடும்பத் தலைவி, மாசம் பொறந்தா உரிமைத்தொகை கரெக்டா வருது. தாம்பரத்துல ரயில் ஏறி இங்க எறங்கறதுக்குள்ள மூணு ஆளா மாறிடறேன் மேடம்!

முத்தலாக் சொன்னா ஜெயில்னு ஆம்பளைக்குச் சட்டம் போட்டாங்க. நல்லதுதான், யாரு வேணாங்கறா? ஆனா பொம்பளை வெளிய போற கதவு எதுன்னு கேட்டா, ஜமாத் ஒரு பக்கம் கை காட்டுது, கோர்ட் இன்னொரு பக்கம் கை காட்டுது. நடுவுல முட்டிக்கினு நிக்கறது நாங்க.

இப்ப எப்படி இருக்காரா? இப்பதான் மேடம் பேஜார். பிரிஞ்சதுலேர்ந்து எல்லாத்தையும் கேக்க ஆரம்பிச்சுட்டாரு! பொண்ணுக்கு சைக்கிள் வாங்கலாமா, சிவப்பா நீலமா. கோவளத்துல வவ்வா மீன் வாங்கிட்டு, வறுக்கவா, குழம்பு வெக்கவான்னு எனக்குப் போன். அவரு சாப்புடப்போற மீன் மேடம்!

இல்ல, கோவம்லாம் போயிடுச்சு. ஆனாலும் விவாகரத்து வேணும். வேற கல்யாணம் பண்ணிக்கற எண்ணமான்னா... ஆமா. பேசி முடிச்சாச்சு. மாப்பிள்ளை வெளிய பெஞ்சுலதான் உக்காந்திருக்காரு.

தௌசிப்தான் மேடம்.

பேனாவைக் கீழ வைங்க, வைங்க. இதுக்குத்தான் மொதல்லயே சொல்லல. சேந்துட்டாங்கன்னு எழுதி ஃபைலை மூடிடுவீங்க. குலா ஆனவங்க திரும்பச் சேரலாம், புதுசா நிக்காஹ் பண்ணணும், அவ்வளோதான். பள்ளிவாசல் ஹஜ்ரத்தையே கேட்டுட்டோம்.

அதான் சட்டப்படி இன்னும் புருஷன் பொண்டாட்டிதானே, அப்படியே வீட்டுக்குப் போங்கங்கறீங்க. எப்படி மேடம் போறது? எங்க மொத நிக்காஹ்ல, எங்கம்மா கூடப் பொறந்த மாமு ரெண்டு சாட்சியோட ரூமுக்குள்ள வந்து, சம்மதமாம்மான்னு கேட்டாரு. அந்த நேரம் பாத்து எங்க சின்னம்மா என் வாய்ல லட்டைத் திணிச்சிருந்தாங்க. வாயத் தொறக்க முடியல. பொண்ணு வெக்கப்படுது, சம்மதந்தான்னு சொல்லிட்டு வெளிய போயிட்டாங்க. பொண்ணு சம்மதிக்காம நிக்காஹ்வே கூடாதுன்னு மார்க்கம் சொல்லுது. எங்க வீட்டுல லட்டு சொல்லுச்சு!

போன மாசம் அவரு வந்து, மெஹ்ரீன், என்னைக் கட்டிக்கிறியான்னு கேட்டாரு. எங்க மாமுவைக் கேக்கல, ஜமாத்தைக் கேக்கல. என்னையே கேட்டாரு. ஒரு வாரம் யோசிச்சு, சரின்னேன். பிரியற உரிமை எனக்கும் உண்டுன்னு நிக்காஹ்ல எழுதணும்னேன். மார்க்கத்துலயே அதுக்கு இடம் இருக்காம், அதுக்கும் சரின்னுட்டாரு. நான் ஏற்கனவே பொண்டாட்டின்னா, அவரு கேட்டதும் சும்மா, நான் சொன்னதும் சும்மா. என் ஆயுசுல நானே வாயத் தொறந்து சொன்ன சம்மதம் மேடம் அது. அது செல்லணும்.

அதனால தயவு பண்ணி எழுதுங்க, சேத்து வைக்க முடியலன்னு. நீங்க எவ்வளோ சீக்கிரம் எங்களைப் பிரிச்சு விடறீங்களோ, அவ்வளோ சீக்கிரம் நாங்க கல்யாணம் பண்ணிக்குவோம்.